புதிதாக வாங்கிய பவளம் நலமா? சதையின் விளிம்பைப் பாருங்கள்

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்க்க உயிர்ப் பவளம் வாங்கப் போனால், கடையின் நீல விளக்கில் எந்தப் பவளமும் அழகாகத்தான் தெரியும். உடல்நலம் குன்றிய பவளம் சில சமயம் இன்னும் அழகாகத் தெரியும். பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசிகள் வெளியேறிவிட்டால், சதையில் உள்ள ஒளிரும் நிறமிகளை மறைக்க அங்கே எதுவும் இருக்காது. பட்டினி கிடக்கும் பவளம் பளீரென்று மின்னுவது அதனால்தான். கடைக்காரரிடம் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் கைபேசி வெளிச்சம் போதும். நிறத்தையும் விரிவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சதை எந்த இடத்தில், எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்த துண்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். பண்ணையில் வளர்த்த துண்டுகள் சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் இருப்பவர்களுக்கே இந்தக் குறிப்புகள்.

டார்ச், ஹாமர், ஃபிராக்ஸ்பான் ஆகிய கிளைவிடும் பவளங்களை எடுத்துக்கொள்வோம். வீட்டுத் தொட்டிக்கு அதிகம் வருபவை இவைதான். ஒவ்வொரு தலையும் ஒரு சுண்ணாம்புத் தண்டின் நுனியில் உள்ள கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். சதை கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி, தண்டின் மேல் பாவாடை போல ஓரிரு சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். அதற்குக் கீழே தண்டு வெறுமையாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். அந்தப் பாவாடை விளிம்பு வரை சுருங்கி, கிண்ணத்தின் கூரிய தகடுகள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தால் அந்தத் தலை பின்வாங்கத் தொடங்கிவிட்டது. இழைகள் எவ்வளவு நீளமாக ஆடிக்கொண்டிருந்தாலும் அதை வாங்காதீர்கள். ஒளி போதாதபோதும் பவளம் இழைகளை மிகையாக நீட்டும். நன்றாக விரிந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் இங்கேதான் ஏமாறுவோம்.

வெண்மையிலும் வகை உண்டு. கண்ணாடி போன்ற சதை மேலே இருக்க, உள்ளே வெள்ளைக் கூடு தெரிந்தால் அது வெளிறல். உயிர் இருக்கிறது, ஒளியைக் குறைத்துப் பொறுமையாகப் பார்த்தால் தேறலாம். சதையே இல்லாமல் கூடு வெள்ளையாக இருந்தால் அண்மையில் செத்த பகுதி. அதே இடத்தில் பச்சைப் பாசி படிந்திருந்தால் பழைய காயம். அது பரவாமல் நின்றிருக்கவும் கூடும். புதிதாக வெட்டிய துண்டின் வெட்டு முகமும் வெள்ளையாகத்தான் இருக்கும். எப்போது வெட்டியது என்று கேளுங்கள். வெட்டு முகத்தின் மேல் சதை ஏறி ஆறிய துண்டுதான் பயணத்தைத் தாங்கும். அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளம் பழுப்பேறியிருந்தால் அது சாகவில்லை. ஒளி குறைவாலோ சத்து மிகுதியாலோ பாசி பெருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வாய் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். இரை எடுக்காத நேரத்தில் பிளந்து கிடக்கும் வாயும், பக்கவாட்டில் வெளியே தள்ளிய வெள்ளை நூல்களும் நெருக்கடியின் அறிகுறி. மைக்ரோமுஸ்ஸா, ஃபேவியா போன்ற பவளங்கள் பகலில் இழைகளைக் காட்டாது. அவற்றில் சதை உப்பி மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். கையால் தண்ணீரை மெல்ல அலைத்தால் நலமான பவளம் சுருங்கும். எதற்கும் அசையாததை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூடிய பையை 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுங்கள். பையைத் திறக்கும்போது முகர்ந்து பாருங்கள். கடல் வாடை சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எங்கோ சதை அழுகுகிறது. பை நீரின் உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து, உங்கள் தொட்டியின் 35 பி.பி.டி.யோடு (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) ஒப்பிடுங்கள். வித்தியாசம் இரண்டுக்கு மேல் இருந்தால் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சரிக்கட்டுங்கள்.

அடுத்தது, பவளத்தோடு ஒட்டி வரும் புழுக்களை அகற்றும் மருந்துக் குளியல். இதை விட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் அதிகம். வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்தில் இரண்டு லிட்டர் தொட்டி நீர், லேபிளில் சொன்ன அளவு பவளக் குளியல் மருந்து, லேபிளில் சொன்ன நேரம். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் எல்லாப் பக்கமும் நீரைப் பீச்சுங்கள். கிண்ணம் வெள்ளையாக இருக்க வேண்டியதற்குக் காரணம், விழும் தட்டைப்புழுக்கள் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். பிறகு இரண்டு முறை சுத்தமான தொட்டி நீரில் அலசுங்கள். மருந்து நீரையும் பை நீரையும் தொட்டியில் ஊற்றவே கூடாது.

மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. தண்டின் வெற்றுப் பகுதியிலும், துண்டு ஒட்டியிருக்கும் பிளக்கின் அடியிலும் பழுப்பு நிறப் புள்ளிகள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றனவா என்று உருப்பெருக்கியால் தேடுங்கள். இருந்தால் சுரண்டி எடுங்கள். முடிந்தால் பழைய பிளக்கையே எறிந்துவிட்டு, சயனோஅக்ரிலேட் ஜெல் பசையால் புதியதில் ஒட்டுங்கள். அக்ரோபோராவில் வட்ட வட்டமான வெளிறிய கடித்தடம், தகடாக வளரும் மான்டிபோரா பவளத்தின் அடியில் அரிசிக் குருணை போன்ற வெள்ளை நத்தை, பிளக்கின் ஓட்டையில் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோன் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பொத்தான் போன்ற தலைகள் கூட்டமாக வளரும் சோவாந்தஸ் இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள்.

தனித் தொட்டி இருந்தால் மீன் இல்லாமல் ஆறு வாரம் அதில் வையுங்கள். 40 லிட்டர் போதும். 5 முதல் 7 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு குளியல் கொடுத்தால், முட்டையிலிருந்து பிறகு வெளிவரும் புழுக்களும் மாட்டும்.

தொட்டியில் முதல் இடம் கீழே, மிதமான ஒளியில். டார்ச்சுக்கு 80 முதல் 120 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) போதும். மற்றப் பவளங்களிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், கொட்டும் இழைகள் இரவில் நீளும். நீரோட்டம் இழைகளை மெல்ல ஆட்ட வேண்டும். பம்பின் நேர் வீச்சில் வைத்தால் சதை தகடுகளில் உரசிக் கிழியும். அந்தக் கிழிசலில்தான் தொற்று ஏறும்.

இனி காத்திருக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் கோழை விடுவதும் சுருங்கிக் கிடப்பதும் இயல்பு. டார்ச்சும் ஹாமரும் முதல் நாளே பாதி விரியும், மூன்று நான்கு நாளில் முழுதாக விரியும். சோவாந்தஸ் ஒரு வாரம் மூடிக் கிடக்கலாம். தோல் பவளம் இரண்டு வாரம் வரை வாடி, மெழுகு போன்ற படலத்தை உரித்துவிட்டுப் பிறகு விரியும். செத்துவிட்டது என்று அதைத் தூக்கியெறிபவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெள்ளை விளக்கில், ஒரே கோணத்தில் படம் எடுங்கள். பாவாடையின் விளிம்பு நேற்று நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பதைக் கண் மறந்துவிடும், படம் மறக்காது.

விரியவில்லை என்றதும் இடம் மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் புதிய அதிர்ச்சி. முதலில் நீரை அளவிடுங்கள்: வெப்பம் 25 முதல் 26 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1,250 முதல் 1,350. காரத்தன்மை ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஏறி இறங்கினால் பவளம் தாங்காது. நைட்ரேட் சுழியம் என்று மகிழ்பவர்கள், அந்தச் சுழியம்தான் பவளத்தைப் பட்டினி போடுகிறதா என்று பாருங்கள். 5 முதல் 10 வரை இருக்கலாம். நாலாவது நாள் மைசிஸ் இறால் கரைத்த நீரைச் சிறிது காட்டுங்கள். 20 நிமிடத்துக்குள் இழைகள் நீண்டு பற்றினால் நல்ல செய்தி.

காத்திருக்கவே கூடாத நிலை இரண்டு. தலையின் மேல் பழுப்புக் கூழ் நாற்றத்தோடு மிதந்தால் பம்பை நிறுத்திவிட்டு, குழாய் வைத்து அந்தக் கூழை உறிஞ்சி வாளிக்கு விடுங்கள். பிறகு பவளத்தை எடுத்து, பாதித்த தலையை நலமான தலையிலிருந்து வெற்றுத் தண்டுப் பகுதியில் வெட்டிப் பிரித்து, மிச்சத்துக்கு அயோடின் குளியல் கொடுத்துத் தனியாக வையுங்கள். இரவோடு இரவாக அடுத்த தலைக்குத் தாவும் நோய் இது. மற்றது, அக்ரோபோராவின் அடியிலிருந்து சதை மணிக்கணக்கில் உரிந்துகொண்டே போவது. உரிந்த எல்லைக்கு மேலே, நலமான சதை ஒரு சென்டிமீட்டரையும் சேர்த்து வெட்டுங்கள். மேல் நுனிகளைப் புதிய பிளக்குகளில் ஒட்டி, தொட்டியின் வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.