ஆதி மனிதர் உலகெங்கும் பரவிய வழி: நீங்களே வரைபடமாக வரையலாம்

புறக்கோட்டையில் நாட்டு எல்லைகள் இல்லாத உலகப் படம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பேனா, பென்சில், அழிறப்பர். எலும்போ கருவியோ கிடைத்த இடத்தைப் பேனாவால் குறியுங்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பது கோட்பாடு, அதற்குப் பென்சில்தான்.

படி 1: ஆபிரிக்கா. மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூட்டில் ஒரு புள்ளி: சுமார் 3 லட்சம் ஆண்டுகள். எத்தியோப்பியாவின் ஓமோ கிபிஷில் இன்னொன்று: ஏறத்தாழ 2 லட்சம். இரண்டும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன பாருங்கள். அதனால் 'பிறந்த ஊர்' என்று ஒரே இடத்தை வட்டமிட வேண்டாம்.

படி 2: வெளியேறும் வழிகள். சினாய் வழியாக ஒரு கோடு, செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் வழியாக இன்னொரு கோடு. இன்றைய உலக மக்களின் மூதாதையர் பெரும்பாலும் 70,000 முதல் 50,000 ஆண்டுகளுக்கு முன் வெளியேறியவர்கள். அவர்கள் நியண்டர்தால்களோடும் (அழிந்துபோன இன்னொரு மனித இனம்) கலந்தார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுவில் சுமார் 2 சதவீதம் நியண்டர்தால்களுடையது.

படி 3: நம் தீவு, இலங்கை. இங்கே கொஞ்சம் நின்று வரையுங்கள். கடலோரமாகவே நடந்து கிழக்கே போனார்கள் என்பது பிரபலமான கோட்பாடு. மழைக்காடு அவர்களுக்குத் தடை என்றும் ஆய்வாளர்கள் நம்பினார்கள். ஆனால் களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாகியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். எலும்பில் செய்த அம்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. வெட்டுத் தழும்பும் தீக்கறையும் உள்ள குரங்கு, அணில் எலும்புகளும் உண்டு. அதிலும் நன்றாக வளர்ந்த குரங்குகளே அதிகம். மரத்துக்கு மரம் தாவும் பிராணியைத் தேர்ந்தெடுத்து வேட்டையாடியவர்களுக்குக் காடு பழகிய இடமாகத்தான் இருந்திருக்கும்! ஆகவே கடலோரக் கோட்டிலிருந்து உள்நாட்டுக்கும் ஒரு கிளை இழுங்கள்.

அப்புறம் பாக்கு நீரிணையைப் பென்சிலால் நிரப்பிவிடுங்கள். பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைக்கு விட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தியாவிலிருந்து இங்கே நடந்தே வரலாம்.

படி 4: அவுஸ்திரேலியா. கடல் அவ்வளவு தாழ்ந்தும் அங்கே போக நீரைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே வடக்கிலுள்ள மட்ஜெட்பெபே என்ற பாறைக் குகைக்கு 65,000 ஆண்டுகள் என்கிறார்கள். சர்ச்சை இருப்பதால் பக்கத்தில் கேள்விக்குறி.

படி 5: அமெரிக்கா. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகளின் இடைவெளி வழியே முதல் மனிதர் இறங்கினர் என்ற கோடு பழைய படங்களில் இருக்கும். ஆனால் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் கிடைத்த மனிதக் காலடித் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டுகள். பழைய கோட்டை அழித்து, பசிபிக் கரையோரமாக வரையுங்கள்.

கடைசிப் புள்ளி நியூசிலாந்து. பொலினீசியர் படகில் அங்கே குடியேறியது 13ஆம் நூற்றாண்டு அளவில். யாழ்ப்பாண இராச்சியம் எழுந்த அதே நூற்றாண்டு.