காட்டுயிரியல் எம்.எஸ்சி. சேரப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுயிரியலில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியா, ஊட்டி அரசு கலைக் கல்லூரியா, பெங்களூரு என்.சி.பி.எஸ்ஸா (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். யாரிடம் ஆய்வு செய்யப்போகிறோம், அவர் இப்போது எந்தக் காட்டில் வேலை பார்க்கிறார், அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் சேராதீர்கள்.

அடுத்து, கேள்விக்கு முன்னால் விலங்கை முடிவு செய்வது. "புலியில் பண்ணப்போகிறேன்" என்கிறார்கள். சரி, புலியில் என்ன என்றால் பதில் இல்லை. சில மாதக் களப்பணியில் புலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். புலி இருக்கும் அதே முதுமலைக் காட்டில், வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடி மூடிய இடத்தில் புல் என்ன ஆகிறது, அப்படியே பரவிய மஞ்சள் கொன்றையை அகற்றிய இடத்தில் எது முளைக்கிறது என்று பார்த்தால், அந்தப் பதில் வனத்துறைக்கே உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அனுமதியைக் கடைசியில் வைத்துக்கொள்வது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பிப்ரவரியில் தொடங்க வேண்டிய வேலைக்கு டிசம்பரில் விண்ணப்பித்தால், தாள் வரும்போது மழை பிடித்திருக்கும், கோடையில் குட்டைக்கு வரும் விலங்குகளை நம்பிப் போட்ட திட்டம் மொத்தமும் போச்சு. முதல் பருவத்திலேயே வழிகாட்டியோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதுங்கள். கூடவே ஏரியிலோ தேயிலைத் தோட்டத்திலோ செய்யக்கூடிய இன்னொரு திட்டமும் தயாராக இருக்கட்டும்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். தரவைச் சேர்த்துவிட்டு அப்புறம் யாரிடமாவது கொடுத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காது. உண்ணிச்செடி அடர்ந்த பாதையில் புள்ளிமான் 4, திறந்த புல்வெளியில் 20 என்று எண்ணி வருகிறீர்கள் என்று வையுங்கள். புதருக்குள் மான் குறைவா, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லையா? மான் நின்ற தூரத்தையும் கோணத்தையும் அங்கேயே அளந்து குறித்திருந்தால்தான் இதைப் பிரித்துச் சொல்ல முடியும். குறிக்காமல் வந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. களத்துக்குப் போகும் முன்பே, பொய்யான எண்களை வைத்தாவது, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒருமுறை முழுக் கணக்கையும் ஓட்டிப் பாருங்கள்.

களத்துக்குக் கூட வரும் பழங்குடியினரான இருளரையோ காட்டுநாயக்கரையோ பை தூக்க வந்தவர் மாதிரி நடத்துவது எனக்குப் பொறுக்காத விஷயம். காட்டில் கிடக்கும் சாணத்தைப் பார்த்து எந்த விலங்கு, எவ்வளவு பழசு என்று சொல்பவர் அவர்தான். கூலியைப் பேசியபடி அன்றன்றைக்குக் கொடுங்கள், ஆய்வேட்டில் பெயரைக் கேட்டுப் போடுங்கள்.

கடைசியாக, வனத்துறை அதிகாரி ஆவதற்கு இது குறுக்குவழி என்று எண்ணிச் சேராதீர்கள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல் போன்ற பாடத்தில் இளங்கலைப் பட்டமே போதும்.