பரோக் ஆர்கன் இசையை சிந்தசைசரில் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்டி கார்லோஸ் 1968இல் வெளியிட்ட 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' இசைத்தட்டு முழுவதும் மோக் சிந்தசைசரில் பதிவானது. அதன் முதல் உருப்படி, பரோக் காலத்து (ஏறத்தாழ 1600–1750) ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 29ஆம் கன்டாட்டாவின் (குரல்களும் வாத்தியங்களும் சேரும் உருப்படி) முன்னிசை. ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதிய இசையை மின்கருவியில் வாசிக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த முன்னிசையே, தனி வயலினுக்கு எழுதிய ஒரு பார்ட்டிட்டாவிலிருந்து (நடன இசைத் தொடர்) பாக் தாமே எடுத்து 1731இல் ஆர்கனுக்கு மாற்றியமைத்தது. விவால்டியின் வயலின் கான்செர்ட்டோக்களையும் அவர் ஆர்கனுக்குக் கொண்டுவந்தார். ஒரு கருவியின் இசையை இன்னொரு கருவிக்கு எடுத்துச்செல்வது அந்த மரபுக்குள்ளேயே ஊறிய பழக்கம். எனவே வாசிக்கலாமா என்ற கேள்வியில் நேரம் போக்க வேண்டாம்.

எப்படி வாசிப்பது என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குகின்றன. காரணமும் அநேகமாக ஒன்றுதான். ஆர்கனை ஒரு பிரம்மாண்டமான சத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தம் எப்படி உருவாகிறது என்று பார்ப்பதில்லை.

தயார் நிலையில் கிடைக்கும் 'சர்ச் ஆர்கன்' ஒலி

எந்தக் கீபோர்டை எடுத்தாலும் இந்தப் பெயரில் ஓர் ஒலி இருக்கும். அதைத் தேர்ந்து, முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை அதிலேயே ஓட்டுவது முதல் தவறு. ஹாம்பர்க் நகரின் புனித யாக்கோபு தேவாலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் கட்டிமுடித்த ஆர்கனில் கைகளுக்கு நான்கு விசைப்பலகைகள், கால்களுக்கு ஒரு பெடல் பலகை, மொத்தம் 60 ஸ்டாப்புகள். ஒவ்வொரு ஸ்டாப்பும் தனக்கென ஒரு குரல் கொண்ட குழல் வரிசை. வாசிப்பவர் ஒவ்வொரு பகுதிக்கும் எந்தெந்த வரிசைகளைத் திறப்பது என்று முடிவு செய்கிறார். பல ஒலிகளை அடுக்கிப் புதிய ஒலியைப் படைக்கும் இந்த வேலை, மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துகொண்டிருந்தது. சிந்தசைசர் வைத்திருப்பவர் அந்த வேலையைத் தாமே செய்யாமல், யாரோ கலந்துவைத்த ஒன்றை எடுத்துக்கொண்டால் கிடைத்த பெரிய வாய்ப்பைக் கைநழுவ விடுகிறார்.

ஸ்டாப்புகளின் பெயரில் வரும் 'அடி' கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 8 அடி என்றால் விசையில் எழுதியுள்ள ஸ்வரமே ஒலிக்கும். 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரண்டு ஸ்தாயி மேலே. 2⅔ அடி, 8 அடியின் மூன்றாவது ஹார்மோனிக் (அதிர்வெண் மூன்று மடங்கு). அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 1⅗ அடி ஐந்தாவது ஹார்மோனிக். தம்புராவில் தந்தியை மீட்டியதும் யாரும் வாசிக்காமலே ஓர் அந்தர காந்தாரம் எழுந்து வருமே, அதே ஹார்மோனிக்தான் இது. பிரெஞ்சு ஆர்கன் இசையில் மெல்ல நகரும் தனிக்குரலுக்கு இந்த ஐந்தையும், அதாவது 8, 4, 2⅔, 2, 1⅗ அடிகளை, ஒன்றாகத் திறப்பார்கள். நிக்கோலா தெ கிரிஞி 1699இல் வெளியிட்ட ஆர்கன் தொகுப்பில் இந்த நிறத்துக்கென்றே எழுதிய பகுதி இருக்கிறது.

ஐந்து ஆஸிலேட்டர் (சிந்தசைசரில் ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) இருந்தால் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். அங்கேதான் பலர் இடறுகிறார்கள். 2⅔ அடிக்கு ஆஸிலேட்டரை 19 அரைஸ்வரம் உயர்த்துகிறார்கள், 1⅗ அடிக்கு 28 அரைஸ்வரம். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைஸ்வரங்களாகப் பிரிக்கும் சமப்பங்கீட்டுச் சுருதியின் காந்தாரம், இயற்கை ஹார்மோனிக்கைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். நடு C ஸ்வரத்தின் அதிர்வெண் 261.6 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவது ஹார்மோனிக் 1308 ஹெர்ட்ஸ். 28 அரைஸ்வரம் மேலே கிடைப்பதோ 1318.5 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதும்போது நொடிக்குப் பத்து முறை அதிரும் ஒரு கரகரப்பு எழும். ஐந்து ஒலிகளும் கரைந்து ஒரே குரலாக வேண்டிய இடத்தில், மேலே ஒரு மணி தனியாக அடிப்பதுபோல் கேட்கும். நுண்சுருதிக் குமிழைத் திருப்பி 1⅗ அடியை 14 சென்ட் இறக்குங்கள். 2⅔ அடியை 2 சென்ட் ஏற்றுங்கள். அந்த நொடியில் ஐந்தும் ஒட்டிக்கொள்வது காதுக்கே தெரியும்.

1935இல் சந்தைக்கு வந்த ஹாம்மண்ட் மின் ஆர்கனின் டிராபார்களிலும் (ஒலிகளைக் கலக்கும் இழுகம்பிகள்) இதே அடிக்கணக்குதான் பொறித்திருக்கிறது. ஆனால் அதன் ஹார்மோனிக்குகள் கீபோர்டு ஸ்வரங்களுக்கான அதே சுழல்சக்கரங்களிலிருந்து எடுக்கப்படுவதால் அவை சமப்பங்கீட்டுச் சுருதியிலேயே நிற்கின்றன. ஜாஸுக்கும் நற்செய்தி இசைக்கும் அந்த ஒலி அற்புதம். தெ கிரிஞிக்கு அது பொருந்தாது.

பல குழல்கள் ஒரே விசைக்கு ஒலிக்கும் 'மிக்ஸ்சர்' ஸ்டாப்பைச் செய்யும்போதும் ஒரு கவனம் வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக நிஜ ஆர்கனின் மிக்ஸ்சர் கீழ் ஹார்மோனிக்குக்குத் திரும்பி மடங்கும். சிந்தசைசரில் நீங்கள் அடுக்கிய ஆஸிலேட்டர்கள் மடங்காமல் ஏறிக்கொண்டே போகும். வலக்கை மேலே செல்லும்போது காதைக் கிழிக்கும். விசைப்பலகையை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, மேல் பகுதியில் அடுக்கைக் குறைத்துவிடுங்கள்.

விசையின் அழுத்தத்தையும் ஒலியின் வடிவையும் அப்படியே விட்டுவிடுவது

ஆர்கன் விசையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒலியின் அளவு ஒன்றுதான். விரலை எடுக்கும்வரை ஒலி தேயாது. அதனால் அந்த இசை பேசுவதெல்லாம் ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்ததற்கு முன் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதன் வழியாகத்தான். வலுவான தட்டில் வரும் ஸ்வரத்தைச் சற்று நீட்டி, அதற்கு முந்தியதைச் சற்று முன்பே விட்டுவிடுவார்கள். அழுத்தம் பிறப்பது அந்தச் சின்ன மௌனத்தில்.

பியானோ வகை கீபோர்டில் வாசித்துப் பதிவுசெய்த மிடியில் (விசைகளின் அசைவைக் குறித்துவைக்கும் கோப்பு) ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வேக அளவு ஒட்டிக்கொண்டு வரும். அது விரல் விழுந்த விபத்து; இசை முடிவல்ல. முதலில் அதை முற்றாக அணைத்துவிட்டு, ஸ்வர நீளங்களை மட்டும் வைத்துக் கோவை உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்த ஃபில்டரும் அதைக் காப்பாற்றாது. உயிரோடு இருந்தால், அதன்பிறகு சிந்தசைசருக்கே உரிய வசதிகளைச் சேர்க்கலாம். கார்லோஸ் அழுத்தம் உணரும் விசைகளைக் கேட்டு வாங்கி அமைத்துக்கொண்டவர். ஆர்கனால் முடியாத நெளிவு சுளிவுகளை அவர் தெரிந்தே சேர்த்தார். தெரிந்து சேர்ப்பதற்கும் தானாக வந்து ஒட்டிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு பதிவில் பளிச்சென்று கேட்கும்.

ஒலி எழுந்து அடங்கும் வடிவை அமைக்கும் என்வலப்பில் தேய்வு வேண்டாம். நிலைமட்டம் முழு அளவில் இருக்கட்டும். முடிவு சில பத்து மில்லிசெகண்டில் அடங்கட்டும். ஒலி நீண்டு கரைய வேண்டும் என்று முடிவை இரண்டு நொடிக்கு இழுத்துவிட்டால், ஒரே கருப்பொருளைக் குரல்கள் மாறி மாறித் தொடரும் ஃபியூகில் நான்கு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பாகிவிடும். கரைய வைப்பது கட்டடத்தின் வேலை.

கட்டடத்தை மறப்பது

அந்தக் கட்டடத்தைத்தான் ரிவெர்பாகச் சேர்க்கிறோம். ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனி ரிவெர்ப் போட்டால் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்தில் பாடுவதாக ஆகிவிடும். ஒரே ஓர் இடவெளியை வைத்து எல்லாத் தடங்களையும் அதற்குள் அனுப்புங்கள். நேரடி ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதத்தை மட்டும் மாற்றுங்கள். வட ஜெர்மானிய ஆர்கனில் ஒரு பிரிவு வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடியை ஒட்டி, கேட்பவர்களுக்கு அருகில் இருக்கும். பிரதான பிரிவு அவர் தலைக்கு மேலே. பெடல் குழல்கள் பெரும்பாலும் இரு பக்கக் கோபுரங்களில். அருகில் இருப்பதற்கு நேரடி ஒலி கூடுதல், தொலைவில் இருப்பதற்கு எதிரொலி கூடுதல் என்று வைத்தாலே இரண்டு விசைப்பலகைகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கிவிடும். எதிரொலி நீளமாக இருந்தால் வேகத்தைக் குறைக்கவும் தயங்க வேண்டாம். நல்ல ஆர்கன் கலைஞர்கள் எல்லோரும் கட்டடத்தைக் கேட்டுத்தான் வேகத்தை முடிவு செய்கிறார்கள்.

நடுக்கம் கொடுக்கும் ட்ரெமுலன்ட் விஷயத்திலும் இதே போன்ற ஒரு பிழை நடக்கிறது. ஆர்கனில் அந்தக் கருவி குழல்களுக்குப் போகும் காற்றையே குலுக்குகிறது. ஆகவே அந்தப் பிரிவின் எல்லா ஸ்வரங்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். சிந்தசைசரில் நடுக்கம் பெரும்பாலும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனியாகத் தொடங்கும். அந்த நடுக்கத்தை உண்டாக்கும் எல்எஃப்ஓவை எல்லாக் குரல்களுக்கும் பொதுவானதாக மாற்றிவிட்டால் போதும், காற்று வந்துவிடும்.

பெடலை வெறும் 'பாஸ்' ஆக்குவது

என்னை அதிகம் வருத்தும் தவறு இதுதான். கீழே ஒரு கனத்த சப்-பாஸ், அதன்மேல் தட்டும் டிரம். பெடல் குரல் தரையோடு தரையாகப் போய்விடுகிறது. பாக்கின் ஆறு ட்ரியோ சொனாட்டாக்களில் வலக்கை ஒரு குரல், இடக்கை ஒரு குரல், கால்கள் மூன்றாவது குரல். மூன்றும் பேசுகின்றன. கைகள் இரண்டும் ஒரே உயரத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போவதால் நிறத்தால் மட்டுமே அவற்றைப் பிரித்தறிய முடியும்.

16 அடி ஸ்டாப்பின் கடைசி C ஏறக்குறைய 32.7 ஹெர்ட்ஸ். அதைத் தூய சைன் அலையில் அமைத்தால் கைபேசி ஒலிபெருக்கியில் ஒன்றுமே கேட்காது. நிஜ பெடலில் நாக்குத் தகடு வைத்த 16 அடி குழல்கள் மேல் ஹார்மோனிக்குகளை வாரி இறைக்கின்றன; அவற்றோடு 8 அடியும் சேரும். ரம்பப்பல் அலையை எடுத்து ஃபில்டரால் கொஞ்சம் மழுக்கி, 8 அடியில் ஒன்றைக் கூட்டுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக நடந்து வரும்.

பாக்கின் C மைனர் பாஸகாலியாவைத் தாள இயந்திரத்தோடு இணைக்க ஆசைப்படுபவர்கள் பலர். எட்டு தாளச் சுற்று நீளமுள்ள கருப்பொருள் திரும்பத் திரும்ப வருவதால் லூப் போல் தோன்றும். ஆனால் அது மூன்று தட்டு நடை, எடுப்பு மூன்றாம் தட்டில். நான்கு தட்டு நடைக்குள் அதைத் திணித்தால் சாய்ந்து நடக்கும் அந்த நடையே போய்விடும். தவிர, இருபது மாறுபாடுகளின் நடுவில் கருப்பொருள் பெடலை விட்டு மேல் குரலுக்கு ஏறுகிறது. கீழே லூப் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ஏற்றம் யாருக்கும் தெரியாது.

கட்டத்துக்குள் பூட்டுவது

லூபெக் நகரில் புக்ஸ்டஹுடே எழுதிய முன்னிசைகளில் ஃபியூக் பகுதிகளுக்கு இடையே சுதந்திரமாக அலையும் பகுதிகள் வரும். C மேஜரில் ஒன்று பெடல் தனியாவர்த்தனத்தோடேயே தொடங்குகிறது. இருபது வயதில் பாக் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்துபோய்க் கேட்டது இந்த மனிதரின் வாசிப்பைத்தான். இவற்றை மென்பொருளின் கட்டத்தில், அதாவது சம இடைவெளித் தாளக் கோடுகளில், ஒட்டவைப்பது, ராக ஆலாபனைக்கு மெட்ரோனோம் போடுவது. கட்டம் இல்லாமல் வாசித்துப் பதிவுசெய்துவிட்டு, பிறகு கட்டத்தை வாசிப்புக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு உருப்படிகளில் சமமாக எழுதியிருக்கும் இணை ஸ்வரங்களைப் பல இடங்களில் நெடில்-குறிலாக வாசிப்பது வழக்கம். கட்டம் அதையும் அழித்துவிடும்.

பாக்கின் பெயரில் வழங்கும் D மைனர் டொக்காட்டாவைப் பேய்வீட்டு இசையாக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயங்கரம் திரைப்படங்கள் ஏற்றிவைத்தது. இசையில் இருப்பது இளமையின் துள்ளல்.

சுருதிப் பங்கீடு

சிந்தசைசர் தானாக வைத்திருப்பது சமப்பங்கீடு. பரோக் ஆர்கன்கள் அப்படியில்லை. ஜெர்மன் ஆர்கன் கலைஞர் வெர்க்மைஸ்டர் 1691இல் விளக்கிய பங்கீடுகளில் புகழ்பெற்ற ஒன்றில் C–E காந்தாரம் 390 சென்ட், கிட்டத்தட்ட இயற்கையானது. C ஷார்ப்–F காந்தாரமோ 408 சென்ட், கூர்மையானது. இசை தொலைவான ஸ்தானங்களுக்குப் போகும்போது முறுக்கேறி, திரும்பி வரும்போது தளரும். சமப்பங்கீட்டில் இந்தப் பயணம் தட்டையாகிவிடும். கார்லோஸும் 1992இல் 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' தொகுப்பை மறுபடி உருவாக்கியபோது பழைய பங்கீடுகளுக்குத் திரும்பினார்.

சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் சிந்தசைசரிலேயே, சுருதிப் பங்கீட்டைக் குறிக்கும் ஸ்காலா கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். ஆதார ஸ்வரம் C என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறினால் இனிக்க வேண்டிய இடம் கசக்கும். உருப்படியை வேறு சுருதிக்கு நகர்த்தினாலும் அதே கதி. முன்பு சொன்ன 14 சென்ட் திருத்தத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1⅗ அடி எந்தப் பங்கீட்டிலும் தன் 8 அடிக்கு இயற்கை ஹார்மோனிக்காகவே இருக்க வேண்டும். பங்கீடு விசைகளுக்கு இடையே. ஹார்மோனிக் ஒரே விசைக்குள்.

தொடங்குபவர்களுக்கு நான் காட்டும் உருப்படி, ஷூப்லர் கோரல்களின் (கீர்த்தனை மெட்டுகளின்மேல் அமைந்த பாக்கின் ஆர்கன் உருப்படிகள்) முதலாவது. பாக் 1731இல் எழுதிய 140ஆம் கன்டாட்டாவின் ஒரு பகுதியைத் தாமே ஆர்கனுக்கு மாற்றியது. கார்லோஸின் இசைத்தட்டிலும் இருக்கிறது. மூன்றே குரல்கள், எல்லாம் ஒற்றை வரிகள். வலக்கையின் நடன மெட்டுக்கு 8, 4 அடிகளில் மெல்லிய குழலொலி. நடுவில் வரும் கீர்த்தனை மெட்டுக்கு நாக்குத் தகட்டின் கனம், சற்று முன்னால். பெடலுக்கு 16, 8 அடி. மூன்றையும் தனித்தனியாகப் பதிவுசெய்யுங்கள், முதலில் பெடலை.