பெயர் வந்த கதையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தில் யாருக்கு எப்படிப் பெயர் வந்தது, ஒருவரை மட்டும் ஏன் எல்லாரும் வேறொரு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்க்கிற ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. செய்ய வேண்டிய வேலைதான், தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய வேலையும்கூட. ஆனால் தொடக்கத்திலேயே பலர் தடம் மாறிவிடுகிறார்கள். முதலில் போய் நிற்பது பெயர்களுக்குப் பொருள் சொல்லும் இணையதளத்தில். ஒளி, வெற்றி, அமைதி என்று ஏதோ ஒன்று கிடைக்கும், உடனே "ஜெயிக்க வேண்டும் என்றுதான் அப்படிப் பேர் வைத்திருக்கிறார்கள்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெயரின் பொருள் வேறு, அந்தப் பெயரை அந்தக் குழந்தைக்கு வைத்த காரணம் வேறு. பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொன்ன பெயராக இருக்கலாம், அப்பாவின் உயிர் நண்பர் பெயராக இருக்கலாம், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மல்லுக்கு நின்று கடைசியில் யாருக்கும் மனக்கசப்பு வராத ஒன்றாகப் பார்த்து வைத்ததாகவும் இருக்கலாம்.

அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி எஸ் ட்ரூமனையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் அந்த 'எஸ்' எதன் சுருக்கம்? எதன் சுருக்கமும் இல்லை. அப்பா வழித் தாத்தா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், அம்மா வழித் தாத்தா சாலமன் யங். இரண்டு பேரிலும் 'எஸ்' இருக்கிறது, அதனால் யாரையும் விட்டுவிடாமல் ஓர் எழுத்தை மட்டும் வைத்துவிட்டார்கள். எந்த அகராதியைப் புரட்டினாலும் இது கிடைக்காது, வீட்டில் இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "என் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று பெரியவர்களிடம் கேட்டால் அவர்களும் அர்த்தத்தைத்தான் சொல்வார்கள். "இந்தப் பேரை முதலில் சொன்னது யார்?", "வேற என்னென்ன பேர் பேச்சில் இருந்தது?", "யாருக்கு இந்தப் பேர் பிடிக்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் கதை கொட்டும். அதுவரை இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "உனக்கு வைக்க இருந்த பேரே வேற, உங்க தாத்தாதான் கடைசி நேரத்தில் மாத்தினார்" என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள். ஆண்டு தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு பெயர் ஏன் வந்தது என்று யாருமே வாய் திறக்காமல் மழுப்பினால், விடாமல் துருவுவது பெரிய தவறு. அந்தப் பெயர் அதற்கு முன் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயராக இருக்கலாம். ஓவியர் வின்சென்ட் வான் கோ பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக அதற்கு ஓராண்டு முன்பு, 1852 மார்ச் 30 அன்று, அதே பெற்றோருக்கு இறந்தே பிறந்த குழந்தைக்கும் வின்சென்ட் என்றுதான் பெயர். சால்வடார் டாலிக்கும் அப்படித்தான், அவர் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்னால் இறந்துபோன அண்ணன் பெயரும் சால்வடார். இப்படி ஒரு சந்தேகம் வந்தால் கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக, அந்தத் தாய்க்கு நெருக்கமானவர் ஒருவரிடம் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, சான்றிதழில் இருப்பதே கடைசி வார்த்தை என்று நம்புவது. பதிவில் இருக்கும் தேதி தவறு என்று பெயரே காட்டிக்கொடுத்த கதை ஒன்று இருக்கிறது. கானாவில் ஆகான் மக்கள் குழந்தை பிறந்த கிழமையை வைத்து ஒரு பெயர் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தை கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான், பொருந்துகிறது. ஆனால் கானாவின் முதல் அதிபர் குவாமே நுக்ருமாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் பதிந்த பிறந்த தேதி 1909 செப்டம்பர் 21. அது செவ்வாய்க்கிழமை! அம்மாவோ சனிக்கிழமைதான் பிறந்தான் என்கிறார், பெயரும் அதையே சொல்கிறது. அந்தத் தேதி பாதிரியாரின் ஊகம் என்றும், செப்டம்பர் 18 சனிக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நுக்ருமாவே பின்னால் கணக்குப் போட்டார். ஆனாலும் ஆவணங்களில் எப்போதும் 21ஐத்தான் எழுதிவந்தார். பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாகப் போட்ட தேதி, கூட நின்றவர் வாய்மொழியாகச் சொல்ல எழுத்தர் எழுதிய பெயர், இதெல்லாம் எல்லா நாட்டிலும் உண்டு. தாளில் இருக்கிறது என்பதற்காகப் பாட்டி சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது, பெயர் மாறியிருந்தால் எல்லாப் பழியையும் ஏதோ ஓர் அதிகாரி தலையில் போடுவது. அமெரிக்காவில் குடியேறிய பல குடும்பங்களில், "எல்லிஸ் தீவில் இருந்த அதிகாரிக்கு வாயில் நுழையவில்லை, அதனால் எங்கள் குடும்பப் பெயரை மாற்றி எழுதிவிட்டார்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். 1892 முதல் 1954 வரை நியூயார்க் துறைமுகத்தில் இயங்கிய அந்தக் குடியேற்றச் சோதனை நிலையத்தில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவே இல்லை, கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரித்துக் கொடுத்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் அந்த மக்களேதான், வந்து சேர்ந்த பிறகு, வேலைக்காகவோ தனித்துத் தெரியக் கூடாது என்பதற்காகவோ. அதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல ஏதோ தயக்கம் இருந்திருக்கலாம். ஆகவே இப்படி ஒரு கதை உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், "கதை இது, ஆவணம் சொல்வது இது" என்று இரண்டையும் எழுதி வையுங்கள். தாளில் நடந்த பிழை நிஜமாகவே பெயரை மாற்றியதும் உண்டுதான். அமெரிக்க அதிபர் கிராண்டுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். 1839இல் ராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் யுலிசிஸ் எஸ் கிராண்ட் என்று எழுதிவிட, அதுவே நிலைத்துவிட்டது.

நம் வழக்கத்தை அடுத்தவர் பெயரில் போட்டுப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அந்நாட்டு அதிபராக இருந்த விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்றால் ஃபின்போகியின் மகள், அவ்வளவே. துருக்கியில் 1934 சட்டத்துக்குப் பிறகுதான் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது, அதனால் அதற்கு முந்தைய தாத்தாவை இன்றைய குடும்பப் பெயரில் தேடினால் கிடைக்க மாட்டார். மண்டேலாவை மடிபா என்று அன்பாகக் கூப்பிட்டார்களே, அது பட்டப்பெயர் இல்லை, அவருடைய குலப் பெயர். நெல்சன் என்பதுதான் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் ஆசிரியை வைத்தது. ஏன் அந்தப் பெயர் என்று மண்டேலாவுக்கே தெரியாது, ஊகம்தான் சொன்னார். பெயருக்குரியவரே தெரியாது என்று சொல்லும் இடத்தில் நாம் ஒரு காரணத்தை இட்டுக்கட்டி நிரப்புவது சரியில்லை.

பட்டப்பெயருக்கு வருவோம், அதிகம் சறுக்குவது இங்கேதான். பட்டப்பெயர் என்றாலே ஆளின் குணத்தையோ உருவத்தையோ பார்த்து வைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால்பந்து வீரர் பீலேவின் கதையைப் பாருங்கள். மின்விளக்கைக் கொண்டுவந்த எடிசன் நினைவாக அவருக்கு வைத்த பெயர் எட்சன். வீட்டில் கூப்பிட்டது டிகோ. அவருடைய அப்பாவோடு விளையாடிய கோல்கீப்பர் ஒருவர் பெயர் பிலே. சிறுவனுக்கு அது சரியாக வாயில் வரவில்லை, பீலே என்றான், கூட விளையாடிய பையன்கள் அதையே பிடித்துக்கொண்டு அவனைச் சீண்டினார்கள். அப்படித்தான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் அவருக்கு அறவே பிடிக்கவில்லை, கூப்பிட்ட பையனை அடித்துப் பள்ளியில் தண்டனைகூட வாங்கினார். கோபப்பட்டதால் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. உலகமே கொண்டாடிய ஒரு பெயர், இன்னொருவர் பெயரின் மழலை உச்சரிப்பு. ஆட்டத்திலோ ஆளிலோ இருந்து வந்ததே இல்லை.

அதனால் பட்டப்பெயரைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. அது பெரும்பாலும் சம வயதுக்காரர்களிடம்தான் பிறக்கிறது. கூடப் படித்தவர்கள், தம்பி தங்கைகள், முதல் வேலையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், இவர்களைத் தேடிப் பிடியுங்கள். பட்டப்பெயர் பரம்பரையாகவும் இறங்கும். வேல்ஸில் ஒரே ஊரில் ஏகப்பட்ட ஜோன்ஸ், ஏகப்பட்ட டேவிஸ், அதனால் தொழிலைச் சேர்த்துச் சொல்வார்கள், பால்காரர் ஜோன்ஸ் என்பது போல. இப்படி ஒட்டிய பெயர் பிள்ளைகளுக்கும் தொடர்ந்தால், பேரனைப் பார்த்து இவருக்கும் அந்தப் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை, இரண்டு தலைமுறை பின்னால் போக வேண்டும். சில சமயம் பட்டப்பெயரே முறையான பெயராகவும் ஆகிவிடும். பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் ராணி சின்ன வயதில் தன் பெயரைச் சொல்ல வராமல் லிலிபெட் என்றார், 2021இல் பிறந்த கொள்ளுப்பேத்திக்குப் பதிவேட்டிலேயே லிலிபெட் என்று பெயர்.

அப்புறம், புண்படுத்தும் பட்டப்பெயர்கள். நிறம், ஊனம், திக்குவாய், வறுமை, இவற்றை வைத்துக் கூப்பிட்டதை "எல்லாரும் அன்பாகத்தானே கூப்பிட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். கூப்பிட்டவர்களுக்கு அது அன்பாக இருந்திருக்கும். சுமந்தவரிடம் கேட்டீர்களா? அவர் இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள். இல்லையென்றால் அவர் பிள்ளைகளைக் கேளுங்கள்.

எழுதி வைக்கும்போது வெறும் கதையை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். யார் சொன்னது, அவர் நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா, என்றைக்குச் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வையுங்கள், நன்றாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செல்லப்பெயர்களுக்கு எழுத்து போதாது, எந்த எழுத்தை இழுத்துச் சொன்னார்கள், எதை விழுங்கினார்கள் என்பது தாளில் வராது. போனை எடுத்து, அந்தப் பெயரைச் சொல்லி வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே ஒரு தடவை கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.