வகுப்பறைக்கு அறநூல்களைக் கொண்டுசெல்லும் ஆசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளில் அறநூல் வாசகங்களுக்குக் குறைவில்லை. காலைக்கூட்டத்தில் ஒரு பிள்ளை குறள் சொல்லிப் பொருள் கூறுகிறது. சுவரில் ஆத்திசூடி எழுதப்பட்டிருக்கிறது. குடியியல் பாடத்திலும் சமயபாடங்களிலும் நற்பண்புகள் தனித்தனித் தலைப்புகளாக வருகின்றன. இவ்வளவு இருந்தும், காலை ஏழரை மணிக்கும் பிற்பகல் ஒன்றரை மணிக்கும் இடையில் ஓர் ஆசிரியர் எடுக்கும் எண்ணற்ற சிறு முடிவுகளுக்கு இந்நூல்கள் துணைநிற்பது அரிது. பிள்ளைகளைத் திருத்தும் வாசகங்களாகவே நாம் அவற்றைக் கொள்கிறோம். நம் முடிவுகளைச் சோதித்துப் பார்க்கும் நூல்களாக வாசிப்பதில்லை. பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று பாராமல் ஒரு வாசகத்தைப் பிள்ளையின்மேல் ஏவுவது அவற்றுள் முதலாவது. திருக்குறளின் பொருட்பாலில் உள்ள ‘வெருவந்த செய்யாமை’ (பிறர் அஞ்சும்படி நடவாமை) என்னும் அதிகாரம் ஆட்சியைக் கையில் வைத்திருப்பவனுக்குச் சொல்லப்பட்டது. வகுப்பறையில் அந்த இடத்தில் இருப்பவர் ஆசிரியரே. ‘கடிதோச்சி மெல்ல எறிக’ (கடுமையாக ஓங்கி, மென்மையாக அடிக்க) என்ற தொடரைக் காட்டி, வள்ளுவரே பிரம்புக்கு இடங்கொடுத்தார் என்று வாதிடுவோர் உண்டு. அதே அதிகாரத்தில், ‘கடுமொழியும் கையிகந்த தண்டமும்’ அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்று சொல்லப்பட்டிருப்பதை அவர்கள் சேர்த்து வாசிப்பதில்லை. கடுமொழி அங்கே தண்டனைக்கு முன்பாகவே வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. உடல்தண்டனையைச் சுற்றறிக்கைகள் தடுத்துவிட்டன. முழு வகுப்பின் முன்னால் ஒரு பிள்ளையின் குடும்பத்தை இழுத்துப் பேசும் சொல்லைத் தடுக்க ஆசிரியரின் மனம் ஒன்றே உண்டு.

இரண்டாவது தவறு நடுவுநிலைமை பற்றியது. எல்லோருக்கும் ஒரே அளவு என்பதே நீதி என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். வேளாண்மை வெட்டுக் காலத்தில் தாயும் தந்தையும் விடியுமுன் வயலுக்குப் போய்விட, தம்பி தங்கைகளை ஆயத்தப்படுத்திவிட்டு இரண்டாம் பாடவேளையில் வந்து சேரும் ஒரு பிள்ளையும், பாடசாலைக்கு எதிரே வீடு இருந்தும் நேரம் தவறி வரும் ஒரு பிள்ளையும் வாசலில் ஒரே நேரம் நிறுத்தப்படுகிறார்கள். இருவருக்கும் ஒரே கண்டிப்பு என்பது பார்வைக்கு நேர்மையாகத் தெரியும். பண்டைய கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில் இதை ஏற்கமாட்டார். நற்பண்பு இரு எல்லைகளுக்கு நடுவில் உள்ளது என்று கூறிய அவரே, அந்த நடு கணக்கினால் கிடைக்கும் நடு அல்ல என்பதற்கு மைலோ என்ற மல்லனை எடுத்துக்காட்டுகிறார்: 10 மினா (பழைய கிரேக்க நிறை அளவு) உணவு மிகுதி, 2 மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 மினா என்று விதிப்பதில்லை, அது மைலோவுக்குப் போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு மிகுதி. சட்டம் பொதுவாகப் பேசுவதால் தனி நிகழ்வில் அது தவறக்கூடும் என்றும், லெஸ்போஸ் தீவில் கட்டட வேலைக்குப் பயன்பட்ட ஈய அளவுகோல் கல்லின் வடிவுக்கேற்ப வளைவதுபோல, தீர்ப்பும் நிகழ்வுக்கேற்ப அமைய வேண்டும் என்றும் அவர் மேலும் விளக்குகிறார்.

வளையும் அளவுகோல் வேண்டியவருக்காக வளையத் தொடங்கினால் அது அறமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சக ஆசிரியரின் பிள்ளைக்கும் ஊரில் செல்வாக்குள்ளவரின் பிள்ளைக்கும் காட்டப்படும் சலுகை பெரும்பாலும் ‘நிலைமையை அறிந்து நடத்தல்’ என்ற பெயரிலேயே வருகிறது. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று வள்ளுவர் காட்டுவது இந்த இடத்துக்கே பொருந்துகிறது. தராசு எல்லாப் பொருளுக்கும் ஒரே எடையைக் காட்டாது. எடுத்து வைத்தவர் யார் என்பதற்காக எடையை மாற்றவும் மாட்டாது. தாம் காட்டிய விட்டுக்கொடுப்பின் காரணத்தை, பிள்ளையின் வீட்டு நிலையை வெளியிடாமல், வகுப்புக்குச் சொல்ல முடியுமா என்று ஆசிரியர் தம்மைக் கேட்டுப் பார்க்கலாம். சொல்லக் கூசுமானால் அந்த விட்டுக்கொடுப்பை மறுபடி ஆராய வேண்டும்.

பழக்கத்தை மனனம் என்று பிழையாக விளங்கிக்கொள்வதும் பரவலான தவறு. வீடு கட்டிக் கட்டிக் கட்டடக்காரர் ஆவதுபோல, நீதியானவற்றைச் செய்துசெய்தே நீதியுள்ளவர் ஆகிறோம் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. பிழையாகக் கட்டிப் பழகியவர் மோசமான கட்டடக்காரர் ஆவார் என்று அவர் சேர்த்துச் சொன்னதை நாம் மறந்துவிடுகிறோம். புலமைப்பரிசில் பரீட்சைக்காக, பெரியவர் எழுதிக்கொடுத்த கட்டுரையைத் தன் கட்டுரையாக எழுதப் பழகும் பிள்ளையும், மேற்பார்வைக்கு அதிகாரிகள் வருமுன் பதிவேடுகள் அவசரமாக நிரப்பப்படுவதைப் பார்க்கும் பிள்ளையும் ஏதோ ஒன்றில் நாள்தோறும் பயிற்சி பெறுகிறார்கள். வாய்மை பற்றிய பத்துக் குறள்களை ஒப்புவிப்பதால் அந்தப் பயிற்சி அழிந்துபோவதில்லை.

நன்னூலை இலக்கணப் பாடத்துக்கு மட்டும் உரியதாக ஒதுக்குவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலில் பவணந்தி முனிவர், ஆசிரியர் ஆகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு உவமைகள் தருகிறார். ஒருவர் நீரூற்றி வளர்க்க, வளைந்து நின்று வேறொருவர் வளவில் காய் உதிர்க்கும் தென்னையே முடத்தெங்கு. காலையில் பாடசாலையில் சுருக்கி முடித்த அலகை மாலையில் ரியூசன் வகுப்பில் விரித்துக் கற்பிப்பவர் எவரும் அந்த உவமையைத் தாண்டிச் செல்வது கடினம். இதே நூல் நல்லாசிரியருக்குரிய தகுதிகளைக் குலத்திலிருந்து தொடங்குகிறது. அரிஸ்டோட்டிலும் அடிமைமுறைக்கு நியாயம் கற்பித்தவர். பழைமை கருதி இவற்றையும் விழுங்குவது ஒரு தவறு. இவற்றுக்காக முழு நூலையும் தள்ளிவிடுவது மற்றொன்று. உயர்தர வகுப்பில் இந்த இடங்களை மறைக்காமல் எடுத்து வைத்து, நூலாசிரியர் தம் கொள்கைக்குத் தாமே எங்கே தவறினார் என்று பிள்ளைகளை வாதிடவிடலாம்.

தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நம் பிரதேசத்துக்கே உரிய ஒரு தவறு, ஒவ்வோர் அறநூலையும் ஒரு சமூகத்தின் உடைமையாக வேலி கட்டி வைப்பது. இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் அறிவு பற்றிய பகுதியில் ஆசிரியரின் கடமைகளைத் தொகுத்துள்ளார். மாணவரைத் தம் பிள்ளைகளாகக் கருதி இரக்கம் காட்டுவது அவற்றுள் முதலாவது. தவறைக் குறிப்பாக உணர்த்தித் திருத்த வேண்டும், வெளிப்படையாக இழித்துரைக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. வெளிப்படையான கண்டிப்பு மதிப்பின் திரையைக் கிழித்து, எதிர்க்கும் துணிவைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும் என்று அவர் காரணம் காட்டுகிறார். ‘கடுமொழி’ பற்றிய குறளையும் இதையும் ஒரே அமர்வில் வாசிக்க, தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகளை விடப் பொருத்தமான இடம் எது?

கடைசியாக, அறநூலால் தாங்க முடியாத சுமையை அதன்மேல் ஏற்றக் கூடாது. வறுமையால் வராமல் நிற்கும் பிள்ளைக்கு ஊக்கமுடைமை பற்றிய அறிவுரை போதும் என்று எண்ணுவது அத்தகையது. நற்பண்போடு புறத்தே கிடைக்கும் நலன்களும் சேர்ந்தாலன்றி நல்வாழ்வு நிறைவு பெறாது என்று அரிஸ்டோட்டிலே ஒப்புக்கொள்கிறார். வாசலில் நின்ற அந்தப் படுவான்கரைப் பிள்ளைக்கு, வெட்டுக்காலம் முடியும்வரை தவறிய பாடங்களை மீட்டுக்கொடுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள அயலில் ஒருவர் வேண்டும். அவற்றுக்காக அதிபரிடமும் பெற்றோரிடமும் தேவையானால் வலயக் கல்வி அலுவலகத்திடமும் பேசுவது, அந்த ஆசிரியர் செலுத்த வேண்டிய நீதியின் ஒரு பகுதியே.