அரை ஏக்கர் செவக்காட்டுல மறுதாம்பு விறகுத் தோப்பு

மரத்தை வேரோட தோண்டாம மூட்டுல, அதாவது அடித்தூர்ல வெட்டி விட்டா அங்கேருந்தே கொத்தா துளிர் வரும்லா, அதை வளத்து நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டிக்கிட்டே இருக்கதுதான் மறுதாம்பு. நாங்குநேரி பக்கம் எங்க 50 சென்ட்ல மானாவாரி கைக்கு வரலன்னு இதைப் போட்டோம்.

வேம்பு, புங்கு, சூபாபுல் (சவுண்டல்), கிளைரிசிடியா நாலும் வெட்ட வெட்ட துளிர் விடும். சவுக்கை நம்பாதீங்க, மூட்டுல வெட்டுனா பெரும்பாலும் அதோட போச்சு. சீமை உடை (சீமைக் கருவேலம்) எல்லாத்தையும் மிஞ்சி வரும்தான், ஆனா ஆடு காயைத் தின்னு புழுக்கையில வெதையை ஊர் பூரா போட்டுரும், அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரர் நம்மள சும்மா விடுவாரா?

ஆறரை அடிக்கு ஒண்ணுன்னு வச்சா சுமார் 500 கன்னு பிடிக்கும். ஐப்பசி மழையில ஈரம் இறங்குன பொறவு நடுங்க, மொத ரெண்டு கோடைக்கு தண்ணி ஊத்தியே ஆகணும். சுத்தி வேலிக்குக் கிளுவைக் கம்பு ஊனிருங்க.

நாலஞ்சு வருசத்துல மொத வெட்டு. காட்டை நாலு பங்காப் பிரிச்சு வருசத்துக்கு ஒரு பங்குதான் வெட்டணும், பூராவையும் ஒரே நேரத்துல மொட்டையடிச்சா அடுத்த வருசம் அடுப்புக்கு எங்க போக? புரட்டாசியில வெட்டுங்க, பின்னாலேயே மழை வந்துரும். நான் மொதப் பங்கை சித்திரை வெயில்ல மழுங்குன கோடாலியால வெட்ட விட்டேன், பட்டை கிழிஞ்சு பாதி மூடு காஞ்சே போச்சு. தரையிலேருந்து அரை அடி விட்டு, வெட்டரிவாளைத் தீட்டி, மழைத்தண்ணி வழிஞ்சு ஓடுற மாதிரி சாய்வா வெட்டணும். பருத்த மூடுன்னா ரம்பம் வச்சு அறுத்துருங்க.

ஒரு மூட்டுல பத்து பதினஞ்சு துளிர் கெளம்பும். உடனே கழிக்காதீங்க, பிஞ்சுத் துளிருக்கு மூட்டோட பிடிப்பு கம்மி, நம்ம ஆனி ஆடிக் காத்துக்கு எது பிச்சுக்கிட்டுப் போகும்னு சொல்ல முடியாது. ஆடி தாண்டுன பொறவு ரெண்டு மூணை மட்டும் விட்டு மத்ததைக் கழிங்க, மேக்கால, கீழ்த்தூர்ல இருந்து வந்ததா பாத்து விடுங்க. மேக்குக் காத்து அடிச்சா அது மூட்டு மேலயே சாயும், பிச்சுக்காது.

ஆடுதான் பெரிய எமன். வெட்டுன பங்குக்குள்ள, துளிர் ஆள் உசரம் தாண்டுற வரைக்கும் வெள்ளாட்டை விடவே கூடாது. கழிச்ச கொப்பை வேணா வெளிய தூக்கிப் போடுங்க, கிளைரிசிடியாவை ஆடு புதுசா தின்ன யோசிக்கும், ஒரு நாள் வாட வச்சுப் போட்டா தின்னும். சூபாபுலை மட்டும் தனித் தீனியாப் போடாதீங்க, மத்த தழையோட கலந்து போடணும், அளவு மிஞ்சுனா முடி கொட்டிரும். புங்கந் தழையை நாங்க பிசான நெல்லுக்குத் தழை உரமா வயல்ல மிதிச்சுருவோம்.

காட்டுல பனை நின்னா அதுல கை வைக்காதீங்க, தலையை வெட்டுனா துளிர் கிடையாது, மரமே பட்டுரும். வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021லயே அறிவிச்சும் இருக்காங்க.