வேடந்தாங்கல் போறீங்களா, சாயங்காலம் வரைக்கும் இருங்க

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் போனோம், தூரத்துல வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது, அரை மணி நேரத்துல கிளம்பிட்டோம்னு நிறைய பேர் சொல்றாங்க, கேட்கவே கஷ்டமா இருக்கும் எனக்கு. உச்சி வெயில்ல போனா அப்படித்தான், பாதி பறவைங்க இரை தேடி சுத்துப்பட்டு ஏரி, வயக்காட்டுக்குப் போயிருக்கும். விடியக்காலைல போங்க, இல்லன்னா மதியம் மூணு மணிக்கு மேல போயி இருட்டற வரைக்கும் இருங்க.

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன், எனக்குப் பிடிச்சது ஜனவரி, கூட்டுல குஞ்சு இருக்கும். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி ஏரில தண்ணி இருக்கான்னு விசாரிச்சுக்கோங்க, வடகிழக்கு மழை ஏமாத்திட்டா பறவையும் வராது. சென்னைல இருந்து ஜிஎஸ்டி ரோட்ல வந்து செங்கல்பட்டு தாண்டி படாளம் கூட்ரோட்ல திரும்பணும். லீவு நாள் வேண்டாம், கூட்டம் ஜாஸ்தி.

எட்டு மடங்கு பெருசாக் காட்டற 8x42 பைனாகுலர் போதும். பச்சை, காக்கி, பிரவுன்னு மங்கலான கலர்ல டிரஸ் போடுங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, வெயில் முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி நில்லுங்க, இல்லன்னா எல்லாம் கறுப்பு நிழலாத்தான் தெரியும்.

முக்கியமானது இதுதான், கரை முழுக்க நடந்து லிஸ்ட் எழுதாதீங்க, ஏரிக்குள்ள கிட்ட நிக்கற ஒரு கடப்ப மரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் அதையே பாருங்க. நத்தை குத்தி நாரை கூடு இருந்தா யோகம். அலகை நல்லா பாருங்க, மூடினாலும் நடுவுல இடைவெளி தெரியும், நத்தை தின்னுற பறவை அது. வெயில் ஏறினா தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகைக் காட்டி ரெக்கைய குடை மாதிரி விரிச்சு நிக்கும், குஞ்சுங்க அந்த நிழல்ல வாயைப் பொளந்துட்டு கெடக்கும், அதை ஒரு தடவை பார்த்துட்டா அப்புறம் அங்க சத்தம் போட மனசே வராது. மஞ்சள் மூக்கு நாரை ஜோடி சேர்ந்தா அலகை டகடகன்னு தட்டும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும்தான் வெளில தெரியும், அப்புறம் கிளைல ஏறி ரெக்கைய விரிச்சு காயப்போடும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் தேடவே வேண்டாம், கண்ணுல படும்.

போன்ல பறவை சத்தம் போட்டுக் கூப்பிடறது, கல்லு எறியறது, கைதட்டி பறக்க விடறது, தயவு செஞ்சு பண்ணாதீங்க, பெருசு எழுந்து போனா குஞ்சு வெயில்லயும் காக்காகிட்டயும் மாட்டிக்கும். இந்த ஊர் ஜனங்க தீபாவளிக்குக்கூட பட்டாசு வெடிக்காம காப்பாத்தற இடம் இது. வெள்ளைக்காரங்க சுட வந்தப்ப கலெக்டர்கிட்ட முறையிட்டு 1798லயே பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்காங்க. எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்கு அப்பவே தெரியும்.

நேரம் இருந்தா பக்கத்துல இருக்கற கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் போங்க, அங்க வாத்துங்க நல்லா கிடைக்கும், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆள் நடமாட்டமும் கம்மி. ஆனா சாயங்காலத்துக்கு வேடந்தாங்கல் கரைக்கே திரும்பிடுங்க. அஞ்சு மணிக்கு மேல ஒவ்வொரு கூட்டமா திரும்பி வரும், ஒரு கிளைக்கு நாலு பறவை சண்டை போடும், எல்லாம் அடங்கற நேரத்துல ராத்திரில இரை தேடற கொக்கு வகையான வக்காங்க இரைக்குக் கிளம்பும், வெளில வரும்போது தலைக்கு மேல "வாக்"னு ஒரு சத்தம் கேட்டா நிமிர்ந்து பாருங்க.